தூணைவிட்டு இறங்கிய சாமி

முதலாளியே எழுந்து செக்கிங் மேசைப் பக்கம் வந்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். ஓட்டை விழுந்த பனியன் ஒன்று ஏற்றுமதிப் பெட்டிக்குள் போயிருக்கும். இல்லையென்றால் எண்ணெய்க் கறையோடு ஒரு பீஸ் வெளிநாட்டுக்காரன் கையில் அகப்பட்டிருக்கும். அதனால் அன்று காலை வேலுமணி மாடிப்படி ஏறி வந்தபோது, மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் தலை நிமிராமல் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகச் செல்லத்தாயிடம் வந்து நின்றார்.

“அக்கா, செத்த வெளிய வாரீங்களா? ஒரு விசயம் பேசோணும்.”

செல்லத்தாய் கையிலிருந்த பனியனை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தவள் அவள். பிறகு செக்கிங்குக்கு வந்து தலை நரைக்கும்வரை அங்கேயே நிற்கிறாள். அவள் மேசையைத் தாண்டிக் கறை போனதாக இதுவரை பேச்சில்லை. கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

வேலுமணி சாமளாபுரத்துக்காரர். அப்பா காலத்தில் விசைத்தறி. இவர் காலத்தில் பனியன். பழனி முருகனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார். மிசினுக்குப் புது ஊசி மாற்றினாலும் கற்பூரம் காட்டுகிற ஆள் என்று தையல்காரப் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள். அந்த மனுஷர் இப்போது தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

“அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் பால்கல் குழி இருக்குதுங்களே, அந்தக் காட்ட நான் வாங்கியிருக்கேனுங்க. சோலார் போடலாம்னு. குழிய மூடோணுமுங்க. ஜேசிபி போயிருச்சு. போன எடத்துல, மரத்தடியில ஒரு சாமி இருக்குதுன்னு சொன்னாங்க. சாமி இருக்கற எடத்துல ஒரு சட்டி மண்ணு தள்ளமாட்டேனுங்க நானு. விசாரிச்சா, உங்க அண்ணன் வெச்ச சாமின்னாங்க. அவரு வந்து முறையா எடம் மாத்திக் குடுத்தா, காட்டு மூலையில நானே சின்னதாக் கோயில் கட்டிப்போடறேன்.”

அதற்கப்புறம் அவர் தரையைப் பார்த்தார்.

“உங்க ஊட்டுக்காரரும் அங்கதானுங்களே இருக்காரு. அதுனாலதான் ஆளவுட்டுச் சொல்லாம நானே வந்தேன்.”

“ரெண்டு நாளு பொறுங்கய்யா” என்றாள் செல்லத்தாய். மேசைக்குத் திரும்பி வந்து பனியனை விரித்தாள். வெள்ளைத் துணியில் கண் நிற்கவில்லை. முப்பது வருஷமாக அவள் கணவன் மாரிச்செல்வம் அந்தக் குழிக்குள் கிடக்கிறான். எடுத்து எரிக்கவில்லை, புதைக்கவில்லை, ஒரு பிடி அரிசி போடவில்லை. இப்போது மேலே மண்ணைத் தள்ளப்போகிறார்கள்.

பால்கல் குழியின் கதையைக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும், மனிதர்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். காங்கேயம் பக்கத்து நிலத்தில் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மனிதன் என்று ஒருவன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பிறந்த பாறை அது. அது பூமியின் ஆழத்தில் கிடந்த காலத்தில் வெடிப்புகள் விட்டன. கீழிருந்த உருகிய குழம்பு அந்த வெடிப்புகளில் ஏறி அவசரமில்லாமல் ஆறியது. பாகு மெல்ல உறைந்து கற்கண்டு கட்டுவதுபோல அதுவும் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிந்து உறைந்தது. பால் வெள்ளையாக இருப்பது ஒன்று. படித்தவர்கள் ஃபெல்ஸ்பார் என்பார்கள், குழிக்காரர்கள் பால்கல் என்பார்கள். பளபளப்பது வெங்கச்சாங்கல். ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன். எப்போதாவது கட்டைவிரல் தடிமனில் கடல் நிறக் கண்ணாடிக்கல் ஒன்று அகப்படும். அது அகப்பட்ட அன்றைக்கு முதலாளி வீட்டில் விருந்து, வெட்டியவனுக்கு டீயும் வடையும்.

பால்கல் பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் போனது. நாட்டில் புதுசு புதுசாகக் குளியலறைகள் கட்டிக்கொண்டிருந்த காலம், ஆகவே நல்ல கிராக்கி. காங்கேயத்து முதலாளி ஒருவர் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குழி வெட்ட ஆரம்பித்தார். பாறையோடு மல்லுக்கட்ட உள்ளூர்க்காரர்கள் வரவில்லை. சாத்தூருக்குத் தெற்கே கிணறு வெட்டிப் பழகிய ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் செல்லத்தாயின் அண்ணன் பெருமாள்சாமி. தங்கையையும் அவளைக் கட்டிய மாரிச்செல்வத்தையும் சேர்த்தே லாரியில் ஏற்றிவந்தார். ஊரில் மழையில்லை, இங்கே கல் இருக்கிறது, கல்லுக்கு மழை வேண்டாம் என்று அவர் சொன்னதை நம்பித்தான் அத்தனை குடும்பமும் கிளம்பியது.

ஆண்கள் தமர் அடித்து, அதாவது வெடிமருந்துக்குத் துளை போட்டு, பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் மேலே உட்கார்ந்து கல்லைத் தரம் பிரிப்பார்கள். பால்கல்லில் சில இடங்களில் கறுப்புக் கறை ஓடியிருக்கும். கறை உள்ள கல்லுக்கு விலையில்லை. சின்னச் சுத்தியலால் அதைக் கொத்தித் தள்ளுவதுதான் செல்லத்தாயின் வேலை. அன்றும் வெள்ளையில் கறை பார்த்தாள், இன்றும் வெள்ளையில் கறை பார்க்கிறாள். கொத்துவதற்குப் பதிலாக இப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், அவ்வளவு வித்தியாசம்.

முதலில் திறந்த குழியாகத்தான் வெட்டினார்கள். கல்லின் ஓட்டம் மேட்டுக்கு அடியில் சாய்வாக இறங்கவே, சுரங்கமாக உள்ளே போனார்கள். போகிற வழியில் அங்கங்கே பாறையை வெட்டாமல் தூணாக விட்டார்கள். அதில் நட்டநடுவில் நின்ற தூண் பெரியது, இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன்மேல் உளி படக்கூடாது என்று முதல் மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி சொன்னால் அவர் இருக்கும்வரைதான் கேட்பார்கள் என்பது பெருமாள்சாமிக்குத் தெரியும். ஆகவே ஊர்க் கோயிலிலிருந்து முடிந்துகொண்டு வந்த பிடிமண்ணைத் தூணின் அடியில் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் அப்பி, அதைக் கருப்பசாமி ஆக்கிவிட்டார். அவரே பூசாரி. அன்றிலிருந்து அது தூணுக் கருப்பு. செருப்போடு அதன் பக்கத்தில் போகமாட்டார்கள், பீடி பற்றவைக்கமாட்டார்கள், வேலைக்கு இறங்கும்போது ஒவ்வொருவனும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவான். யோசித்துப் பார்த்தால் அதைவிடக் கெட்டியான பூட்டு எந்த அதிகாரியாலும் போட முடியாது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் வெட்டினார்கள். ஓட்டம் மெலிந்தது. சுவரெல்லாம் கறையும் வெங்கச்சாங்கல்லுமாகப் போய்விட்டது. நல்ல பால்கல் என்று மிச்சமிருந்தது தூணில்தான். முதலாளி வெட்டச் சொல்லவில்லை. தை மாதத்தோடு குழியை நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தூணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பெருமூச்சுக்கு யார்மேல் வழக்குப் போடுவது?

இங்கேதான் கூலி நின்றுவிடும் என்ற பயத்தில் குழிக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். சாமி இல்லாதவன் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். தூணைத் தூணாகப் பார்த்துப் பயந்திருப்பான். இவர்கள் சாமியிடம் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தூணின் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சாமி வேறிடம் போகச் சம்மதம். வெள்ளைதான் வந்தது. பெருமாள்சாமி குறையில்லாமல் முறை செய்தார். கும்பத்தில் சாமியை இறக்கி, மேளத்தோடு மேலே கொண்டுவந்து, குழி வாசலில் வெள்வேல மரத்தடியில் ஒரு கல்லை நட்டு அதில் அமர்த்தினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தாராளமாகவே கொடுத்தார். தூணிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்ததும் அது எல்லோருக்கும் வெறும் கல்லாகிவிட்டது. மேட்டை அத்தனை காலமும் தாங்கி நின்றது அந்த வெறும் கல்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெட்டத் தொடங்கிய சில நாளில் மாரிச்செல்வம் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான், “மச்சான், மேல பாறை முனகுது. பொடிக்கல்லு உதிருது.”

“சாமி உத்தரவு குடுத்துருச்சுல்ல மாப்ள. பயப்படாம எறங்கு” என்றார் பெருமாள்சாமி.

சோறு போட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் இரண்டையும் கேட்டாள். மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, மாரிச்செல்வம் முதல் ஆளாக உள்ளே இறங்கினான். சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் செல்லத்தாய் உட்கார்ந்திருந்த கல்லில் கேட்டது. குழி வாயிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூசி கிளம்பி வெள்வேல மரத்தை மூடியது. தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே சரிந்தது. ஐப்பசி மழை பிடித்துத் தண்ணீர் ஏறியது. இன்னும் ஆளைப் பலி கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். முதலாளி குத்தகையை விட்டுவிட்டார். குழி அப்படியே கிடந்தது.

உடல் கிடைக்காவிட்டால் ஆவியைப் பேர் சொல்லி வெளியே அழைத்து, உருவம் செய்து எரிப்பது உண்டு. பெருமாள்சாமி அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு இருந்த செல்லத்தாய் வாசலில் குறுக்கே நின்றாள்.

“உன் முறையும் வேணாம், உன் கும்பமும் வேணாம். ஆளக் கண்ணுல காட்டு, பொட்ட அழிக்கிறேன்.”

அவர் திரும்பிப் போனார். அதோடு கற்பூரம் தொடுவதை விட்டார். அவள் பொட்டை அழிக்கவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது; மென்றார்கள். அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும். ஐந்து மாதத்தில் அபிராமியைப் பெற்றாள், கைக்குழந்தையோடு திருப்பூருக்கு வந்தாள். அண்ணனும் வந்தார். நிட்டிங் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை. தாய்மாமனாக அபிராமிக்குக் காது குத்தினார், சீர் செய்தார், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தார். செல்லத்தாய் அவருக்குச் சோறு போடுவாள், காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். குழியைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

வேலுமணி சொன்னதற்கு மறுநாள் செல்லத்தாய் லீவு போட்டுவிட்டு அபிராமியைக் கூட்டிக்கொண்டு குழிக்குப் போனாள். தாராபுரம் ரோட்டில் இறங்கி, சோளக்காட்டு ஓரமாக நடந்தார்கள். குழிநீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டிருந்தார்கள். ஜேசிபி சும்மா நின்றது. அதை ஓட்டுகிற வடக்கத்திப் பையன் அதன் நிழலில் உட்கார்ந்து போனில் வீட்டோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். குழியை எப்படி மூடுவது என்று பார்க்க வேலுமணி அமர்த்திய வினிதா என்ற பெண் அங்கே இருந்தாள். குன்னத்தூர்க்காரி, நிலவியல் படித்தவள். செல்லத்தாய் யாரென்று அபிராமி சொன்னதும் வினிதா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

மூன்று பேரும் சரிவில் கொஞ்ச தூரம் இறங்கினார்கள். சுவரில் பால்கல் இன்னும் வெள்ளையாக ஓடியது. அதில் ஓரிடத்தில் கறுப்பாகக் கிளை பிரிந்து, இலை விட்டு, ஒரு செடி படர்ந்திருந்தது. செல்லத்தாய் அதன்மேல் விரலை வைத்தாள். கொத்திக் கொத்தித் தள்ளிய அதே கறை.

“இது என்னா கண்ணு? செத்த செடி கல்லுக்குள்ள மாட்டிக்கிடுச்சுன்னு அப்பப் பேசிக்கிருவோம்.”

“செடி இல்லீங்கம்மா. மாங்கனீசுங்க. பாறையில முடி மாதிரி வெடிப்பு இருக்குமுங்க. அதுல தண்ணி ஊறி ஊறி, போறப்ப இதக் கறையா விட்டுட்டுப் போயிருது.”

சுரங்கத்தின் வாய் இருந்த இடத்தில் இப்போது வீட்டளவு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. செல்லத்தாய் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இத எடுக்க முடியாதா?”

வினிதா மேட்டை அண்ணாந்து பார்த்தாள். “முதலாளியும் அதத்தான் முதல்ல கேட்டாருங்க. செலவப் பத்திக் கவலப்படாதீங்கன்னாரு. நாங்க பாத்தோமுங்க. ஒரு பாறைய இழுத்தா மேட்டுல இருந்து இன்னொண்ணு வருமுங்க. உள்ள போற ஆளு உசுருக்கு நான் உத்தரவாதம் தரமுடியாதுங்கம்மா.”

“வேணாம். இன்னொரு ஆளு வேணாம்” என்றாள் செல்லத்தாய். பிறகு கேட்டாள். “எலும்பாச்சும் இருக்குமா? கரைஞ்சு மண்ணோட மண்ணாப் போயிருக்குமா?”

“பொய் சொல்ல மனசு வரலீங்க. கல்லுக்கு முப்பது வருசமெல்லாம் கணக்கே இல்லீங்கம்மா. இருந்தாலும் இருக்கும்.”

கரைந்திருக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் செல்லத்தாய் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். இருந்தாலும் இருக்கும் என்ற சொல் நெஞ்சில் கல்லாக விழுந்தது. அப்படியானால் அவர் அங்கேதான் இருக்கிறார், இருட்டில், ஈரத்தில். அவரை வெளியே அழைக்க இருந்த ஒரே வழியையும் அவளே வாசலில் குறுக்கே நின்று அடைத்துவிட்டாள். பாறையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அழுது அபிராமி பார்த்ததில்லை; என்ன செய்வதென்று தெரியாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து நேராகப் பெருமாள்சாமி வேலை செய்யும் கம்பெனி கேட்டுக்குப் போனார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் நின்றபடியே சொன்னாள்.

“அண்ணே, நாளைக்குக் குழிக்கு வா. கருப்ப நீதான் வச்ச, நீதான் எடுக்கணும்.”

டீ அவர் வேட்டியில் சிந்தியது. “என்னையக் கேக்காதத்தா. என் கையில மறுபடி கும்பத்தக் குடுக்காத. வேற பூசாரியக் கூப்பிடச் சொல்லு.”

“கருப்ப மட்டும் இல்ல. அவுகளயும் எடுக்கணும்.”

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். “நீதான வேணாம்ன?”

“ஆமா, வேணாம்னேன். உம்மேல இருந்த கோவத்துல சொன்னேன். நீ உள்ள அனுப்புன, நான் உள்ளயே வச்சுப்புட்டேன். நாளைக்கு மண்ணத் தள்ளிட்டா அதுவும் முடியாது.”

கேட்டுக்கு வெளியே ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. பெருமாள்சாமி எழுந்து போய்த் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்தார்.

“பாறை முனகுதுன்னு சொன்னான். நான் கேக்கல. நான் கூப்பிட்டா அவன் எப்படித்தா வருவான்?”

“வந்து கூப்பிடு. வாரதும் வராததும் அவுக பாடு” என்றாள் செல்லத்தாய்.

மறுநாள் காலை எட்டு மணி வெயிலில் எல்லோரும் குழி வாசலில் நின்றார்கள். வேலுமணி தேங்காய், பழம், மாலை என்று ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார். ஜேசிபிப் பையன் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். வெள்வேல மரம் பருத்திருந்தது. அதனடியில் கல் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. பெருமாள்சாமி அதைத் துடைத்து, மஞ்சள் பூசி, எதிரில் இரண்டு குடங்களில் தண்ணீர் நிரப்பி, நூல் சுற்றி, வேப்பிலை செருகித் தேங்காய் வைத்தார். முறை ஒன்றும் மறக்கவில்லை. பழக்கத்தில் பூப்பொட்டலம் கட்டப்போனார்.

“பூ கேக்காதண்ணே” என்றாள் செல்லத்தாய். “நீயா வாயத் தொறந்து சொல்லு, நாங்க போறோம், நீயும் வான்னு.”

அப்படியே சொன்னார். கருப்பு முரண்டு பிடிக்கவில்லை; முதல் குடத்துத் தேங்காயின் உச்சியில் வைத்த பூ காற்றில் ஆடிக் கீழே விழுந்தது. சாமி குடத்துக்கு வந்துவிட்டது என்றார் பெருமாள்சாமி. வேலுமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் குடத்தைக் காட்டு மூலைக்குத் தானே தூக்கிப் போனார். சோலார் போட்டபின் அங்கேதான் கோயில். இரண்டாவது குடத்தைக் கொடுமுடிக்குக் கொண்டுபோய்க் காவிரியில் விடுவதென்று முன்னாலேயே பேசியிருந்தார்கள். குடத்தில் வருவதற்கு ஆள்தான் வேண்டும்.

பெருமாள்சாமி சரிவின் விளிம்பில் போய் நின்றார். “மாரிச்செல்வம்! ஏ மாப்ள! வாப்பா, போவோம்!”

இரண்டாவது குடத்தின்மேல் வைத்த பூ அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “வரமாட்டான்த்தா. என் குரலுக்கு வரமாட்டான். என் குரலக் கேட்டுத்தான உள்ள போனான்.”

“நான் கூப்பிடட்டுங்களா மாமா?” என்று அபிராமி முன்னால் வந்தாள். குழியைப் பார்த்து “அப்பா” என்றாள். அந்தச் சொல்லை யாரைப் பார்த்தும் அவள் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, கூச்சப்பட்டவள்போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“உன் குரலு அவுகளுக்குத் தெரியாது கண்ணு” என்றாள் செல்லத்தாய்.

அவளே எழுந்து விளிம்புக்குப் போனாள். “இந்தாருங்க” என்றாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த அழைப்பு. கட்டிய புருஷனைப் பேர் சொல்லி அழைத்தால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் அபிராமியின் முதுகைத் தட்டுவாள், அபிராமி சொல்லுவாள். தனியாக இருக்கும்போதுகூட, மனசுக்குள்கூட அந்தப் பெயரை அவள் சொல்லிப் பார்த்ததில்லை.

“இந்தாருங்க, உங்களத்தான்.”

பூ அப்படியே இருந்தது. குழியில் சத்தமில்லை. இந்தாருங்க என்றால் யாரை என்று அவர் எதைக் கண்டார்? அத்தனை பெண்களும் அத்தனை புருஷர்களையும் அந்த வாசலில் நின்று அப்படித்தானே கூப்பிட்டார்கள்? இனிக் குறைவதற்கு எந்த ஆயுசு இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தும் நாக்கு எழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள், எடுத்தாள்.

“மாரிச்செல்வம்!”

அபிராமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெருமாள்சாமி தலை நிமிர்ந்தார்.

“மாரிச்செல்வம்! நாந்தான். எங்கண்ணன் மேல கோவத்துல உங்கள உள்ளயே போட்டு வச்சுட்டேன். போதும். எந்திரிச்சு வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

பூ விழுகிறதா என்று பெருமாள்சாமி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்தாய் குடத்தைப் பார்க்கவில்லை. பாறைகளைப் பார்த்துக்கொண்டு, ஓர் ஆள் அந்தச் சரிவில் ஏறிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். அப்புறம் குனிந்து, பூவோடு சேர்த்துக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஆளு வெளிய வந்தாச்சு. மண்ணத் தள்ளச் சொல்லுண்ணே” என்றாள்.